சுடாத கை

முதலில் எனக்குத் தெரிந்தது வலியல்ல, வாடை. மயிர் பொசுங்கும் வாடை. எங்கிருந்து வருகிறது என்று சுற்றிலும் பார்த்தேன். அது என் இடது கையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

சின்னமனூருக்குத் தெற்கே, ஆற்றுப் பாசனத்தில் இரண்டு போகம் விளையும் ஒரு கிராமம். வேதக்கார (கிறிஸ்தவ)க் குடும்பங்கள் அங்கே கொஞ்சம்தான். மாசியில் அறுப்பு முடிந்ததும் முதல் நெல்லை ஜெபவீட்டில் படைத்துவிட்டு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அன்று சோற்று அண்டாவைத் தாங்கியிருந்த அடுப்புக் கல் ஒன்று நழுவியது. அண்டா சாய்ந்த பக்கம் மூப்பரின் மகள் எஸ்தர் குனிந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். எட்டி விளிம்பைப் பிடித்தேன். ஆட்கள் ஓடிவந்து கல்லை முட்டுக்கொடுக்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றேன்.

"விடுங்க உபதேசியாரே, கையை விடுங்க!" என்று எஸ்தர் கத்திய பிறகுதான் விட்டேன்.

மூப்பர் தானியேல் (சபையின் மூத்த பொறுப்பாளர்) என் கையை அல்ல, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுடலையா?" என்றார்.

"இல்லையே" என்றேன். அது உண்மை.

அன்று சோறு ஆறிப்போகும்வரை பாட்டுப் பாடினார்கள். மறுநாள் உள்ளங்கையில் கொப்புளங்கள் எழுந்தன. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. கை வெந்தும் வாய் திறக்கவில்லையே, அதுதான் அற்புதம் என்றார்கள்.

இந்த நோய் வந்து அதைத் துணியால் மூடிக்கொண்டு நடமாடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிறருக்காக ஜெபிக்க ஆசைப்பட்டும் வாய் வராமல் நிற்கிறவர்களுக்காகவும் எழுதுகிறேன். நான் இரண்டு கூட்டத்திலும் இருந்தவன்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். குமுளி மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் களை எடுத்தேன். மலைக்கும் கம்பத்துக்கும் இடையில் மாட்டுவண்டி ஓட்டினேன். போடிக்கு ரயில் வந்தபோது மண் சுமந்தேன். ஓரிடத்தில் இருப்பு கொள்ளாத கால்கள். பிறகு வேதபுத்தகம் விற்கும் வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போகும் வேலை என்பதால் அதில் நிலைத்தேன். புத்தகப் பையோடு போகிறவன் நாலு வார்த்தை பேசவும் வேண்டும். பேசப் பேச உபதேசியார் என்று அழைக்க ஆரம்பித்தார்கள்.

கதை சொல்ல எனக்கு வரும். நோயாளியின் தலையில் கைவைத்து ஜெபிக்க மட்டும் வராது. "இவன் எழுந்திருக்காவிட்டால்?" என்ற கேள்வி தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். யாருக்காவது காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவேன். படித்த போதகர்கள் செய்யட்டும், நமக்கு எதற்கு என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்வேன்.

அண்டாவைப் பிடித்த நாளோடு அந்தப் பயம் போய்விட்டது. உத்தமபாளையத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆட்கள் தேடி வந்தார்கள். நானும் கைவைத்தேன். சிலர் எழுந்து நடந்தார்கள். எழாதவர்களைப் பற்றி யாரும் என்னிடம் வந்து சொல்லவில்லை.

அதற்கு முன்பே உடம்பு என்னிடம் சொல்லத்தான் செய்தது. இடது காலில் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் வெகுதூரம் நடந்திருக்கிறேன். வண்டி ஓட்டிய காலத்தில் பீடி விரல்வரை எரிந்து அணைந்திருக்கிறது. இடது கைச் சுண்டுவிரல் நிமிர மறுத்தது. கயிறு பிடித்த கை, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். வலித்திருந்தால் பார்த்திருப்பேன்.

மூப்பரின் தம்பி கருப்பண்ணன் வேதத்துக்கு வராதவர். வருஷம் தவறாமல் சித்திரையில் வீரபாண்டி மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பவர். அண்ணனும் தம்பியும் ஒரே களத்தில் நெல் தூற்றுவார்கள். ஒருவரை ஒருவர் கிண்டாமல் இருக்க மாட்டார்கள்.

"என்னண்ணே, ஒங்க உபதேசியாரு அண்டாவத் தூக்குனாராமே? வீரபாண்டிக்கு அனுப்பி வையி. எங்க ஆத்தாளுக்குச் சட்டி எடுக்க ஆளு பத்தல."

"நீ வேப்பிலைய மெத்தையாட்டம் வச்சுல தூக்குற? எங்காளு வெறுங்கையில தூக்குவாரு."

"ஊருல பாதிப் பேரு வெறும் வாயில யானையவே தூக்குவாய்ங்க."

"பாக்குறியா? ஒங்க திருவிழா முடியட்டும். இங்கன ஊரக் கூட்டி வச்சுத் தூக்கிக் காட்டச் சொல்றேன்."

நான் களத்து மேட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மறுத்திருக்கலாம். மூப்பர் என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையில் அத்தனை பெருமை இருந்தது. வேதத்துக்கு வந்த நாளிலிருந்து சொந்தபந்தம் அவரைக் கேட்டுவந்த கேள்வி அது: எங்கள் சாமி நெருப்பில் நிற்கிறது, உங்கள் சாமி என்ன செய்யும்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நம்பினார்.

எஸ்தருக்கு முழங்கைக்குக் கீழே காசளவில் வெளுத்த திட்டு ஒன்று இருந்தது. போடிப் பக்கம் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். "தேமலா இருக்கும், கல்யாணத்துக்குள்ள மறையணும், ஜெபம் பண்ணுங்க" என்று மூப்பர் அவளை அழைத்துவந்தார். நான் கைவைத்து ஜெபித்தேன். நெருப்பை எடுக்கும் நாளில் இதுவும் மறையும் என்று அவராகவே சொல்லிக்கொண்டார்.

அந்த வாரத்தில்தான் கருப்பண்ணன் தனியாக என்னைத் தேடி வந்தார்.

"உபதேசியாரே, நான் கேலி பேசுறவன்தான். இப்பக் கேலி இல்ல. அன்னைக்கு நெசமாவே சுடலையா?"

"சுடல."

"எனக்குச் சுடும்யா. ஒவ்வொரு வருசமும் சுடும். பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான் கோயில் வரைக்கும் போறேன். சுடலைன்னா நான் ஆத்தாளுக்கு என்னத்தக் குடுத்தேன்?" என் கையைத் திருப்பிப் பார்த்தார். கொப்புளம் உடைந்து புண் அழுகியிருந்தது. "சுடாத கைக்கு இந்தப் புண்ணு எதுக்கு? மாசிப் புண்ணு பங்குனியிலயும் ஆறலையே. எனக்கு என்னமோ பயமா இருக்குங்க. நாளைக்குத் தேனிச் சந்தைக்கு வண்டி கட்டுறேன். ஏறுங்க, ஆசுபத்திரியில இறக்கி விடுறேன்."

ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஒரு டாக்டரம்மா. புண்ணைச் சுத்தம் செய்தபோது நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திடீரென்று கையை நிறுத்தினார். என் காது மடலைத் தொட்டுப் பார்த்தார். முழங்கையின் பின்பக்கம் அழுத்திப் பார்த்தார். அங்கே தோலுக்கடியில் கயிறு போல ஒன்று உருண்டது.

"கண்ணை மூடிக்குங்க. நான் எங்க தொடுறேனோ, அந்த இடத்த வலது கை விரலால காட்டுங்க."

மூடிக்கொண்டேன். வெளியே சந்தை இரைச்சல் கேட்டது. யாரோ மாட்டுக்கு விலை பேசினார்கள். காத்திருந்தேன்.

"எப்பம்மா ஆரம்பிப்பீக?" என்றேன்.

"ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சு, உபதேசியாரே."

கண்ணைத் திறந்தேன். அவர் கையில் ஒரு கோழி இறகும் ஒரு ஊசியும் இருந்தன. என் புறங்கையில் சின்னச் சின்ன இரத்தப் புள்ளிகள் இருந்தன.

குஷ்டரோகம் என்றார். நரம்பைத் தாக்கும் வகை (தோல் உருக்குலைவதற்கு முன்பே உணர்ச்சி போய்விடும்). சுத்தமாக்கப்பட்ட குஷ்டரோகிகளின் வேதக் கதையை எத்தனையோ தெருமுனையில் நின்று சொன்னவன் நான். அந்தக் கதையில் அவர்கள் எப்போதும் தூரத்தில் நிற்பார்கள். நான் இந்தப் பக்கத்தில் நின்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அண்டாவைப் பற்றி அவரிடம் சொன்னேன். "அப்ப அது அற்புதம் இல்லையா அம்மா?" என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணு மேல கொதிக்கிற சோறு கொட்டலைல்ல? அதுக்கு என்ன பேருன்னு நீங்கதான் சொல்லணும், அது உங்க வேலை. என் வேலை இந்தக் கை. இனிமே இது சூட்டையும் முள்ளையும் உங்களுக்குச் சொல்லாது. இன்னொரு தடவை நெருப்பைப் பிடிச்சா விரலு மிஞ்சாது."

"அடுத்தவுகளுக்கு ஒட்டுமா?"

"உங்க வகை லேசில ஒட்டாது. ஊரு அப்படிச் சொல்லாது."

கருப்பண்ணனின் வண்டியில் திரும்பினேன். என்ன சொன்னார்கள் என்று அவர் கேட்டார். புண் ஆற நாளாகும் என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. வீரபாண்டியைத் தாண்டும்போது திருவிழாவுக்குப் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

வழியெல்லாம் ஒரே ஒரு காட்சிதான் மனதில் நின்றது. எஸ்தருக்கு ஜெபித்த அன்று நான் வைத்தது இடது கை. வலது கையில் புத்தகம் இருந்தது. உணர்ச்சியில்லாத கை அந்த வெளுத்த இடத்தின் மேல் இருந்தது. அவள் நெளியவில்லை, புண்ணுக்குக் கட்டிய துணி உராய்ந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. தொட்டது எனக்கும் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லையோ?

ஊருக்கு வந்ததும் மூப்பரின் மனைவியிடம் போய், பிள்ளையின் கண்ணைப் பொத்திவிட்டு அந்தத் திட்டை ஈர்க்குச்சியால் தொட்டுப் பாருங்கள் என்றேன். அந்த அம்மாள் உள்ளே போனார். நெடுநேரம் கழித்து வெளியே வந்தார்.

"தொட்டேன், அவளுக்குத் தெரியல" என்றார். "இத அவுக அப்பாகிட்டச் சொல்லிறாதீக. நீங்க நெருப்ப எடுத்தாச் சரியாயிரும்னு அவுக நம்பியிருக்காக. நானும் அதத்தான் நம்பியிருக்கேன்."

அதன் பிறகு வந்த நாட்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. நோயை நினைத்து அல்ல. என்னால் அந்தத் தீச்சட்டியை வெறுங்கையில் எடுக்க முடியும். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. எந்த மனிதனை விடவும் நன்றாக, முகம் மாறாமல், விரல் கரியாகும்வரை பிடித்துக்கொண்டு நிற்க முடியும். கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பேசும். ஒரு கைதானே என்றும் தோன்றியது. ஆனால் நான் அதைச் செய்துவிட்டால் எஸ்தர் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்க மாட்டாள். அவள் கையும் என் கையின் வழியிலேயே போகும். உண்மையைச் சொன்னால் என்னைத் தெருவுக்குள் விடமாட்டார்கள். நோயாளியின் முன் நிற்கும் பழைய பயமும் திரும்பி வந்திருந்தது. எனக்குத் தைரியம் கொடுத்தது விசுவாசம் என்று நினைத்திருந்தேன். கொடுத்தது வியாதி என்றால், என்னிடம் விசுவாசம் என்று ஏதாவது இருந்ததா?

நான் சட்டி எடுக்க வேண்டிய சாயங்காலம் ஜெபவீட்டு முற்றம் நிறைந்துவிட்டது. திருவிழா முடிந்து மஞ்சள் துணியோடு வந்தவர்களும் நின்றார்கள். ஈரச் சாக்கால் பிடித்து இரண்டு பேர் சட்டியைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார்கள். வேப்பிலை இல்லை. கங்கு சிவந்து, காற்றடிக்கும்போதெல்லாம் வெளுத்தது. மூப்பர் பாட்டைத் தொடங்கினார்.

நான் இடது கையை உயர்த்தினேன். பாட்டு நின்றது.

"இது சுடாத கைதான். மூப்பரு சொன்னது பொய்யில்ல. ஆனா இது சாமி தொட்ட கையில்ல. குஷ்டம் தின்ன கை. தேனி ஆசுபத்திரியில சொல்லிட்டாக" என்றேன்.

முதல் வரிசை பின்னால் நகர்ந்தது. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டார்கள். நான் யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் சொல்லி முடித்தேன்: "உங்க வீட்டுல யாருக்காச்சும் தோலு வெளுத்து, அங்கன தொட்டாத் தெரியலைன்னா, என்கிட்ட வராதீக. அந்த டாக்டரம்மாகிட்டப் போங்க. அங்க போறது அவிசுவாசம் இல்ல."

"எங்கள ஊரு முன்னால இப்படி நிப்பாட்டிட்டீகளே" என்றார் மூப்பர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "எடுத்திருக்கலாமே. ஒரு நிமிசம். எடுத்திருக்கலாமே."

சட்டி எரிந்துகொண்டிருந்தது. யாராவது கல்லைத் தூக்கியிருந்தால் மற்றவர்களும் தூக்கியிருப்பார்கள். அப்போது கருப்பண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வேலியிலிருந்து வேப்பங்கொத்தை ஒடித்துக் கைகளில் பரப்பிச் சட்டியைத் தூக்கினார்.

"வழி விடுங்கடா, எரியிற நெருப்ப நடுவுல போட்டுட்டு மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு" என்றபடி வாய்க்காலை நோக்கி ஓட்டமாக நடந்தார். பாதி வழியில், "ஆத்தா தாயே, சுடுதுடீ!" என்று கத்தினார். இரண்டொருவர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பின் மறைவில் நான் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

புத்தக வேலை போயிற்று. ஊர்களில் தண்ணீரைக் கொட்டாங்குச்சியில் ஊற்றினார்கள். தேனி ரோட்டோரத்தில் வண்டிக்காரர்கள் தங்கும் கொட்டகையின் கடைசி மூலையில் படுத்துக்கொண்டேன். வண்டி அச்சுகளுக்கு மை போடுவேன், மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவேன்.

வாரம் ஒரு நாள் ஊசி. நீரடிமுத்து எண்ணெய் (மலைக்கு அப்பால் மலையாளத்தார் மரோட்டி என்று சொல்லி விளக்கெரிக்கும் எண்ணெய்) அந்த ஊசியில் ஏறும். கெட்டியான எண்ணெய். உணர்ச்சி உள்ள இடத்தில் போட்டால் தீயை ஊற்றியது போலிருக்கும். இல்லாத இடத்தில் போட்டால் ஒன்றும் தெரியாது. வரிசையில் நிற்கிற நாங்கள் அலறுகிறவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவோம். இதைப் படிக்கும் உங்களுக்கும் அந்தப் பொறாமை வரும். வெட்கப்பட வேண்டாம்.

ஒரு முறை எனக்கு முன்னால் நின்ற வயதான கூலிக்காரர் திரும்பி, "நீங்க உபதேசியாருதானே, எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். பழைய கேள்வி தொண்டைக்கு வந்தது. ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வை எந்த அற்புதத்தையும் எதிர்பார்க்கவில்லை. என் விரல்களும் அவர் விரல்களும் ஒரே மாதிரி மடங்கியிருந்தன. அவருக்காக ஜெபித்தேன். முடித்த பிறகு அவர் குணமாகிறாரா என்று ஏறிட்டுப் பார்க்கவில்லை. இருவரும் வரிசையில் ஒரு அடி முன்னே நகர்ந்தோம். பிறகு ஊசி நாளில் எல்லாம் யாராவது கேட்பார்கள், நான் ஜெபிப்பேன். சிலருக்கு வெளுத்த திட்டு மங்கியது. சிலர் செத்துப்போனார்கள். அந்தக் கூலிக்காரரும் போனார். ஜெபிப்பதை நான் நிறுத்தவில்லை.

ஐப்பசி மழை முடிந்த ஒரு ஊசி நாளில், புடவைத் தலைப்பைக் கைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு எஸ்தர் வரிசையின் கடைசியில் நின்றாள். மூப்பர் தூரத்தில் புளியமரத்தடியில் நின்றார். நான் அவரிடம் போய்க் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"கல்யாணம் நின்னுபோச்சு" என்றார். "வெளுத்த திட்டு பெருசாகலேன்னு டாக்டரம்மா சொல்றாக. சீக்கிரம் வந்துட்டீகன்னு சொல்றாக. அன்னைக்கு நீங்க அந்தச் சட்டிய எடுத்திருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்."

"இருந்திருப்பீக" என்றேன்.

வரிசையில் நின்ற மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு, "பிள்ளைக்கு ஜெபம் பண்ணுங்க" என்றார். "கைய வச்சே பண்ணுங்க."

இந்த முறை வலது கையை அவள் தலையில் வைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கும், வெயிலில் நின்ற சூடும் கையில் தெரிந்தன. ஊசி ஏறியபோது அவள் வாய்விட்டு அழுதாள். புளியமரத்தடியில் மூப்பர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவள் அழுதது துக்கத்தில் அல்ல, வலி தெரிந்ததால் என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டியிருந்தது. நான் சொன்னேன்.

இப்போது என் சுண்டுவிரல் முழுக்க மடங்கிவிட்டது. ஒவ்வொரு நாளும் வெளிச்சம் போவதற்கு முன் கைகளையும் கால்களையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். தோல் சொல்லாததைக் கண் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. உடம்பு எனக்குச் சொந்தமான ஒன்றாக இல்லை. என்னை நம்பி யாரோ விட்டுவிட்டுப் போன மாடு போல அதை மேய்க்கிறேன்.

போன ஊசி நாளில் டாக்டரம்மா மறுபடி சோதித்தார். கண்ணை மூடச் சொல்லி, வெந்நீர் ஊற்றிய கண்ணாடிக் குழாயை இடது புறங்கையில் வைத்தார்.

"சுடுதா?"

"இல்லம்மா."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. குழாயை எடுத்துத் தட்டில் வைக்கும் சத்தமும் கேட்டது. அதற்குப் பிறகுதான், எங்கோ தூரத்திலிருந்து நடந்து வருவது போல, சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு சூடு வந்து சேர்ந்தது.

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்றேன். "இப்பச் சுடுது."

நரம்பு மீள்கிறதா, இல்லை கடைசியாக எரிகிறதா என்று அவருக்கும் தெரியவில்லை. இரண்டும் இப்படித்தான் தொடங்குமாம். அதனால் குணமானேன் என்று நான் எந்தச் சாட்சியும் சொல்லவில்லை. நெருப்பு எனக்குத் தாமதமாக வருகிறது. அது வந்து சேர்வதற்குள் தோல் வெந்திருக்கும். ஆகவே பாத்திரத்தைத் தொடும்போதெல்லாம் கையை எடுத்துவிட்டு, சூடு வருகிறதா என்று நின்று காத்திருக்கிறேன்.

சில நாள் வருகிறது.